ஸ்டார் ட்ரெக்கில் உங்களை அழ வைத்த எபிசோட் எது? அம்மாவோடு பார்க்க வேண்டும்

உப்புவெளிக்காற்று

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கதையை முழுதாக உடைத்துத்தான் எழுதுகிறேன், வந்து முப்பது வருடம் தாண்டிய எபிசோட், இனியும் பார்க்காதவர்கள் என்னைக் குறை சொல்லக்கூடாது.

போன ஞாயிறு பின்னேரம் இங்கே நல்ல மழை. காற்றுக்கு முன்கதவைத் திறந்து வைக்க முடியவில்லை, ரீவியில் படமும் இழுத்துக்கொண்டு நின்றது, அதனால் அம்மாவுக்கு நாடகம் இல்லை. நான் லப்டொப்பில் த நெக்ஸ்ட் ஜெனரேஷன் (ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசையில் ஒன்று) போட்டுக்கொண்டு இருந்தேன். அம்மா சுளகில் நெத்தலியைக் கொட்டி, தலை கிள்ளிக்கொண்டே பக்கத்தில் வந்து இருந்தார். "ஆரடா இந்த மொட்டைத்தலை ஐயா?" என்றார். கப்டன் பிக்கார்ட் என்றேன். "கப்பலையா ஓட்டுறார்?" ஓம், கப்பல்தான். திருகோணமலைக்காரிக்குக் கப்பல் என்றால் மேலே விளக்கம் தேவையில்லை.

ஓடிக்கொண்டிருந்தது தி இன்னர் லைட். ஐந்தாவது சீசன், 1992 ஜூனில் வந்தது. வானத்தில் மிதந்து வரும் ஒரு சின்னக் கருவி பிக்கார்ட் மேல் ஒரு ஒளிக்கற்றையை விடுகிறது, ஆள் மயங்கி விழுகிறார். கண் விழித்தால் வேறொரு ஊர். பக்கத்தில் ஒரு பெண், பெயர் எலீன், "மூன்று நாளாகக் காய்ச்சல், இப்பதான் கண் திறந்தீங்கள்" என்கிற மாதிரிக் கதைக்கிறாள். அவள் மனைவியாம், இவர் பெயர் கேமினாம், தொழில் இரும்பு நெய்வதாம். "இரும்பை எப்படியடா நெய்யிறது" என்று அம்மா கேட்டார், எனக்கும் விளங்கவில்லை.

தமிழ் சப்டைட்டில் கிடையாது. நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், பிறகு நிறுத்தாமலே சொன்னேன், பிறகு அம்மா "நீ பேசாம இரு, எனக்கு விளங்குது" என்றார். அந்த ஊரில் மழை இல்லை. கிணறு வற்றுகிறது, ஆனால் சந்தியில் நிற்கும் ஒரு சின்ன மரத்துக்கு மட்டும் ஊரே தண்ணீர் விட்டு வளர்க்கிறது. இவர் ஐந்து வருடம் "நான் கப்டன், என் கப்பல் எங்கே" என்று வானத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு நாள் விட்டுவிடுகிறார். பிள்ளைகள் பிறக்கிறார்கள். புல்லாங்குழல் பழகுகிறார். நண்பன் செத்துப்போகிறான், அவன் பெயரையே மகனுக்கு வைக்கிறார். மனைவியும் போய்விடுகிறாள். தாத்தாவாகிறார். கடைசியில் ஊரே கூடி ஒரு ரொக்கெட் ஏவுவதைப் பார்க்கப் போகும்போது, செத்துப்போன நண்பனும் மனைவியும் இளமையாக வந்து நிற்கிறார்கள். அந்தச் சூரியன் வெடித்து அவர்கள் எல்லாரும் அழிந்து ஆயிரம் வருடமாம். தங்களை நினைத்துப் பார்க்க ஒரே ஒருவராவது வேண்டும் என்றுதான் அந்தக் கருவியை அனுப்பியிருக்கிறார்கள். அது கண்டுபிடித்த ஆள் இவர்.

கண் திறந்தால் கப்பல் தரையில் கிடக்கிறார். போனது 25 நிமிடம். கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளே அந்தப் புல்லாங்குழல் இருக்கிறது. அதை அவரிடம் கொடுக்கிறார்கள், அறையில் தனியாக நின்று ஊதுகிறார், முடிந்தது.

நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தாறு தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். அம்மா அழவில்லை. நெத்தலியை அப்படியே வைத்துவிட்டு, "திரும்பி வந்த பிறகு அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் ஆரோட கதைப்பார்?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருடத்தில் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

இன்னொன்று. மனைவி சாகும் இடம். குடித்தனம் தொடங்கின காலத்திலிருந்து அவள் இவருக்குச் சொல்லும் குறை, சப்பாத்தைக் கழற்றின இடத்திலேயே போடுகிறார் என்பது. சாகும்போதும் அதைத்தான் சொல்கிறாள், சப்பாத்தை எடுத்து வையுங்கோ என்று. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா சிரித்தார். நல்லாகவே சிரித்தார். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். தேத்தண்ணி போடப் போனாராக்கும் என்று நினைத்தேன், ஆனால் வெறுங்கையோடு வந்தார்.

சரி, கேள்வி இதுதான். இப்போது அம்மா "அந்த ஐயாவின்ர வேற படம் இருக்கா" என்கிறார். ஸ்டார் ட்ரெக்கில் எந்த சீரிஸ் என்றாலும் பரவாயில்லை, உங்களை அழ வைத்தது எது, ஏன்? சண்டை வேண்டாம். வாய்மொழியாகச் சொல்லி விளங்கவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும், "சப்ஸ்பேஸ்" அது இது என்று விஞ்ஞானக் கதை தொடங்கினால் அம்மா எழும்பிப் போய்விடுவார்.

மட்டிக்களி_மச்சான்

இதெல்லாம் ஒரு கேள்வியா மச்சான். தி விசிட்டர். ஸ்டார் ட்ரெக்கின் இன்னொரு சீரிஸான டீப் ஸ்பேஸ் நைன், நாலாவது சீசன், 1995. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மழை இரவு. ஒரு கிழவர் வீட்டுக் கதவை ஒரு இளம் பெண் தட்டுகிறாள். அவளுக்கு எழுத்தாளராக ஆசை. அவர் இரண்டே புத்தகம் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்ட எழுத்தாளர், ஏன் நிறுத்தினார் என்று கேட்க வந்திருக்கிறாள். அந்தக் கிழவர்தான் ஜேக், அந்த சீரிஸின் நாயகன் கப்டன் சிஸ்கோவின் மகன். 18 வயதில் கண்ணுக்கு முன்னால் அப்பா ஒரு விபத்தில் மறைந்துபோகிறார். செத்தார் என்று எல்லாரும் சடங்கு செய்து முடித்த பிறகு, ஒரு இரவு அப்பா அறையில் வந்து நிற்கிறார். கொஞ்ச நேரம்தான், திரும்ப மறைகிறார். பிறகு வருடக்கணக்கில் இடைவெளி விட்டுவிட்டு வருகிறார். அப்பாவுக்கு வயது ஏறவில்லை, அவருக்குப் போனது வெறும் நொடிகள். மகனுக்கு வயது ஏறுகிறது. ஒவ்வொரு தடவை வரும்போதும் மகன் கிழவனாகிக்கொண்டே போகிறான், அப்பன் அப்படியே நிற்கிறான்.

இவன் எழுத்தை விடுகிறான், அப்பாவை மீட்பதற்காக விஞ்ஞானம் படிக்கப் போகிறான், மனைவி விட்டுப் போகிறாள். அப்பா வரும் ஒவ்வொரு தடவையும் கேட்பது ஒன்றுதான், எனக்குப் பேரப்பிள்ளை இருக்கா, நீ என்ன எழுதினாய். பதில் சொல்ல ஒன்றுமில்லாமல் மகன் நிற்பான் பாருங்கள், அந்த இடத்தில் என்னால் முடியாது.

முடிவைச் சொல்ல மாட்டேன். சரி, சொல்கிறேன். தாங்கள் இரண்டு பேரும் ஒரு கயிற்றால் கட்டப்பட்ட மாதிரி இருப்பதை ஜேக் கண்டுபிடிக்கிறான். அப்பா பக்கத்தில் நிற்கும் நேரம் பார்த்து இவன் செத்தால் கயிறு அறும், அப்பா விபத்து நடந்த அந்த நொடிக்கே திரும்பிப் போவார். அதற்காகக் கிழவன் உயிரைப் போக்கும் மருந்தை எடுத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணுக்குக் கதை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அப்பா பதறுகிறார். இவன் சொல்கிறான், உங்களுக்காக மட்டுமில்லை, அன்றைக்கு நான் இருந்த அந்தப் பொடியனுக்காக என்று.

கிழவராக நடித்தவர் டோனி டொட். அதே ஆள்தான் வேற்றுக்கிரக அதிகாரி வோர்ஃபின் தம்பியாகவும் வருவார், முகமூடிக்குள் அடையாளம் தெரியாது. 2024 நவம்பரில் இறந்துவிட்டார். செய்தி பார்த்த அன்று இதைத்தான் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

சப்ஸ்பேஸ் கதை கொஞ்சம் இருக்கிறது. "மின்னல் அடிச்சு ஆள் இடையில மாட்டுப்பட்டிட்டார்" என்று சொல்லிவிட்டுத் தாண்டுங்கள், அவ்வளவு போதும்.

உப்புவெளிக்காற்று

மின்னல் நல்ல யோசனை. ஆனால் மகன் செத்து அப்பன் பிழைக்கும் கதை. அம்மாவிடம் போகுமா என்று யோசிக்கிறேன்.

கிண்ணியா_வாப்பா

தம்பி, எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள், அதனால் என் பதில் ஒரு பக்கச் சாய்வு என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். தி ஒஃப்ஸ்பிரிங். த நெக்ஸ்ட் ஜெனரேஷன் மூன்றாவது சீசன், 1990. பிக்கார்டின் துணை அதிகாரி ரைக்கராக நடித்த ஜொனதன் ஃப்ரேக்ஸ் முதன்முதலில் இயக்கியதும் இதுதான்.

அந்தக் கப்பலில் அதிகாரியாக இருக்கும் டேட்டா மனித உருவில் ஒரு இயந்திரம், உணர்ச்சி கிடையாது. யாருக்கும் சொல்லாமல் ஆய்வுக்கூடத்தில் இருந்து தனக்கு ஒரு பிள்ளையைச் செய்கிறான். ஆணா பெண்ணா, எந்த முகம் என்பதைக்கூடப் பிள்ளையே தெரிவு செய்ய விடுகிறான். அது பெண்ணாக இருக்க விரும்புகிறது. லால் என்று பெயர் வைக்கிறான், ஹிந்தியில் அன்புக்குரியவள் என்று பொருள் சொல்வான். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. நாங்கள் பெயர் வைக்க எத்தனை பேரிடம் அர்த்தம் கேட்டு அலைந்தோம், இந்த மனுஷனும் அதே வேலைதான் பார்த்திருக்கிறான்.

பிறகு நடப்பதெல்லாம் வீட்டுக்கு வீடு நடப்பது. பிள்ளை ஓயாமல் கேள்வி கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்று வந்து வாப்பாவிடம் கேட்கிறது. மேலிடத்திலிருந்து ஒரு அட்மிரல் வருகிறார், இந்தப் பிள்ளையை உன்னிடம் விட முடியாது, நாங்கள் வளர்க்கிறோம் என்று. அந்தப் பயத்தில்தான் லாலுக்கு முதல் முதல் உணர்ச்சி வருகிறது. வாப்பாவுக்கு இல்லாதது மகளுக்கு வந்துவிடுகிறது. அதைத் தாங்காமல் மூளை சிதையத் தொடங்குகிறது.

கடைசியில் அவள் "ஐ லவ் யூ ஃபாதர்" என்கிறாள். அவன் எனக்கும் அதை உன்னோடு சேர்ந்து உணர முடிந்தால் நல்லது என்கிறான். அவள், நம் இரண்டு பேருக்குமாக நானே உணர்ந்துகொள்கிறேன் என்கிறாள். எழுதும்போதே கை நிற்கிறது.

ஆனால் என்னை உடைத்தது அது இல்லை, அதற்குச் சற்று முந்தினது. அவளைப் பறிக்க வந்த அதே அட்மிரல் ஆய்வுக்கூடத்துக்குள்ளே டேட்டாவுக்கு உதவி செய்துவிட்டு வெளியே வருகிறார். அவன் கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வேலை செய்தன, விடவே இல்லை, ஒன்றைச் சரி செய்ய இன்னொன்று போனது என்று சொல்கிறார். உள்ளே நடந்ததை எங்களுக்குக் காட்டவே இல்லை. மூத்தவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன், உள்ளே யாருடைய கை எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது. அவள் சுகமாகி இப்போது ஏ லெவல் செய்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் காட்சி வந்தால் நான் எழும்பிப் போய் வெளியே நிற்பேன்.

உங்கள் உம்மாவுக்கு இது விளங்கும். சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

இன்னொரு சின்னச் சேர்க்கை, தலைப்புக்கு வெளியே என்று அடிக்க வராதீர்கள். காலப்பயணம் பற்றிய பிரிட்டிஷ் தொடர் டொக்டர் ஹூவில் 2010இல் வந்த வின்சென்ட் வான்கோ எபிசோட். வாழ்ந்த காலத்தில் யாரும் மதிக்காத ஓவியரைப் பாரிஸில் இன்றைய ஓர்சே மியூசியத்துக்குக் கூட்டிப் போய், அவர் படங்களைச் சனம் பார்ப்பதைக் காட்டுவார்கள். அதையும் பார்க்கலாம்.

இராவணன்வெட்டு

தலைப்புக்கு வெளியேதான், நானா. விட்டுவிடுகிறேன்.

எல்லாரும் அழுகிறீர்கள், நான் கொஞ்சம் கல்லெறிகிறேன். தி இன்னர் லைட்டை விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது என்பதற்காகத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம் (வாங்கியது உண்மை, 1993). அந்தக் கதையில் வரும் கட்டான் கிரகத்துச் சனம் செய்த வேலையைக் கவனித்தீர்களா? வழியில் போன ஒருவரைப் பிடித்து, கேட்காமல் கொள்ளாமல் அவர் தலைக்குள் ஒரு முழு ஆயுளை இறக்கிவிட்டார்கள். மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, அத்தனை சாவு. விழித்தபோது அவருக்கு அதில் ஒருவரும் மிச்சமில்லை. எங்களை நினைத்துக்கொள் என்று கேட்பது வேறு, நினைக்காமல் இருக்க முடியாதபடி செய்வது வேறு. தம்பியின் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. யாரோடு கதைப்பார்? அடுத்த வாரம் ஆள் நாற்காலியில் நிமிர்ந்து இருந்து ஓடர் போட்டுக்கொண்டு இருப்பார், ஒன்றும் நடக்காத மாதிரி. ஆறாவது சீசனில் ஒரு தடவை அந்தக் குழலை எடுத்து ஒரு பெண்ணுக்கு வாசித்துக் காட்டுவார், அதோடு சரி. அந்தக் குழலை 2006இல் ஏலத்தில் 48,000 டொலருக்கு யாரோ வாங்கினார்கள். அதை வாங்கினவர் பிக்கார்டை விட அதிகம் நினைத்திருப்பார்.

இந்த சீரிஸின் பெரிய பலவீனமே அதுதான். ஒவ்வொரு வாரமும் சிலேட்டைத் துடைத்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை துடைக்காமல் விட்டார்கள், அதனால்தான் என் தெரிவு ஃபமிலி. நாலாவது சீசன் இரண்டாவது எபிசோட், 1990.

முந்தின இரண்டு பாகத்தில் போர்க் என்ற கூட்டம் பிக்கார்டைப் பிடித்து, உடம்பில் இயந்திரம் பொருத்தி, அவர் வாயாலும் மூளையாலும் அவருடைய ஆட்களையே அழிக்கிறது. 39 கப்பல், கிட்டத்தட்ட 11,000 உயிர். மீட்டாயிற்று, மருந்து கட்டியாயிற்று. வேறு சீரிஸ் என்றால் அடுத்த கிரகத்துக்குப் போயிருக்கும். இவர்கள் அவரைப் பிரான்சில் அண்ணனுடைய திராட்சைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவுதான் எபிசோட். ஒரு துப்பாக்கிச் சூடு இல்லை, கப்பலின் கட்டளை மேடையைக்கூட ஒரு தடவை காட்டவில்லை.

அண்ணன் ரொபேட் ஒரு முசுடு. தம்பி பெரிய ஆள் என்பதில் சின்ன வயதிலிருந்தே எரிச்சல். மற்ற எல்லாரும் தம்பியைத் தாங்கித் தாங்கிக் கதைக்க, இந்த மனுஷன் மட்டும் குத்திக் குத்திக் கதைக்கிறார். கடைசியில் தோட்டத்துச் சேற்றில் இரண்டு கிழட்டு ஆண்களும் கட்டிப் புரண்டு அடிபடுகிறார்கள். பிறகு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று நானும் பல தடவை ஓடவிட்டுத் தேடினேன், பிடிபடவில்லை. சேறு முகத்தோடு அவர் சொல்கிறார், என்னை வைத்துக் கொன்றார்கள், என்னால் தடுக்க முடியவில்லை, முயன்றேன், நான் அவ்வளவு பலமாக இருக்கவில்லை. அண்ணன் ஆறுதல் சொல்லவில்லை. இனி இதோடுதான் நீ வாழ வேண்டும், கடலுக்கு அடியில் போனாலும் வானத்துக்குப் போனாலும், என்கிற மாதிரிச் சொல்கிறார்.

எங்கள் ஊர்களில் அப்படித் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். கலியாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்கள், நாங்களும் "எப்படி, சுகமா" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். சேற்றில் தள்ளிவிட ஒரு அண்ணன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

மட்டிக்களி_மச்சான்

சரி அண்ணா, கல் சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் ஒன்று. கேட்காமல் இறக்கிவிட்டார்கள் என்கிறீர்கள், உண்மைதான். கேட்டிருந்தால் யாராவது ஓம் என்பார்களா? உங்களுடைய அப்பப்பாவின் கதையை உங்களிடம் கேட்டுவிட்டா சொன்னார்கள்?

இராவணன்வெட்டு

அப்பப்பா கதை சொன்னபோது நான் எழும்பி ஓடலாம். ஓடியும் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_டீச்சர்

பிள்ளைகள் எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். எனக்கு இந்தத் தொடர்கள் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து போட்டுக் காட்டித்தான் பழக்கம். ஆனால் விண்வெளிக் கதை எங்கள் ஊருக்குப் புதிது இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இங்கே கோணேசர் மலையடியில்தான் நண்பர் மைக் வில்சனோடு சுழியோடினார். போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலுக்கு அடியில் பார்த்தவர்கள் அவர்கள். விண்வெளியைப் பற்றி எழுதின மனுஷன் தண்ணீருக்குள் போய்ப் பழைய தூணைத் தொட்டிருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வாங்குப் பொடியன்கள்கூட நிமிர்ந்து இருப்பார்கள். ஒருவன் மட்டும் "டீச்சர், சுறா இருந்ததா" என்று கேட்டான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உப்புவெளித் தம்பிக்கு. எபிசோட் தெரிவு செய்ய முதல் அம்மாவிடம் அந்தச் சப்பாத்தைப் பற்றிக் கேளுங்கள். வெறுங்கையோடு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், கேட்கத்தான் இல்லை. படம் பார்க்கும்போது கேட்க வேண்டாம். நெத்தலி கிள்ளும்போது கேளுங்கள், கையில் வேலை இருந்தால்தான் நாங்கள் கதைப்போம்.

உப்புவெளிக்காற்று

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாருக்கும் ஒன்றாகப் பதில் போடுகிறேன்.

தி விசிட்டர் பார்த்தோம். மச்சான், சரிவரவில்லை என்று நினைக்க வேண்டாம். மின்னல் கதையை அம்மா உடனே ஏற்றுக்கொண்டார். ஆனால் பாதியிலிருந்தே அந்த மகன் மேல் சரியான கோபம். "அப்பன் வந்து வந்து சொல்லுறான், நீ உன்ர வாழ்க்கையைப் பார் எண்டு. கேக்கிறானா பார்!" கடைசியில் மருந்து எடுத்தது தெரிந்ததும் லப்டொப் மூடியைப் பாதி சாத்திவிட்டார். நான் திரும்பத் திறந்து, அப்பா பிழைத்து, மகன் திரும்பச் சின்னப் பொடியனாக நிற்பதைக் காட்டின பிறகுதான் சமாதானம். "அப்ப அந்தக் கிழவனுக்கு நடந்ததெல்லாம் ஒருத்தருக்கும் தெரியாதா?" அப்பாவுக்குத் தெரியும் என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு, அந்த வந்த பிள்ளை நல்ல பிள்ளை, கிழவனோடு இரவு முழுக்க இருந்தாள் என்றார். எனக்கு அவள் ஞாபகத்திலேயே இல்லை.

டீச்சர் சொன்ன மாதிரிக் கேட்டேன். நெத்தலி இல்லை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்தார்.

அப்பா மா ஆலையில் வேலை செய்தவர், எனக்கு பதினொரு வயதில் போய்விட்டார். நைட் ஷிப்ட் முடிந்து விடிய வருவார். சப்பாத்தை வாசலில் கழற்றாமல் உள்ளே சாமி அறைக் கதவு வரைக்கும் வந்துதான் கழற்றுவாராம். எங்கள் வீட்டுக்கு அப்போது சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை. அதில் வாசலிலிருந்து சாமி அறை வரைக்கும் வெள்ளை வெள்ளையாக மா அடி. ஒவ்வொரு நாளும் விடிய அம்மா அதைத் துடைப்பாராம், ஒவ்வொரு நாளும் பேச்சாம். "ஒரு நாள் இல்லையடா, பதினாறு வருசம் பேசினேன்." கடைசியாக ஆஸ்பத்திரியில் வைத்தும் ஏதோ அதைச் சொல்லித்தான் பேசியிருக்கிறார், அப்பா சிரித்திருக்கிறார். கன்னியாவில் அந்தியேட்டிச் சடங்கு முடித்துவிட்டு வந்து வீடு கழுவும்போது, கதவு மூலையில் அந்தச் சப்பாத்தைத் தூக்கித் தட்டியிருக்கிறார். நூல் கட்டுகிற ஓட்டைக்குள்ளிருந்து கொஞ்சம் மா கொட்டியதாம்.

"என்ன செய்தீங்கள் அம்மா" என்று கேட்டேன்.

"என்னத்தைச் செய்யிறது. துடைச்சன்."

பிறகு கீரைக் காம்பையெல்லாம் கூட்டி எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். எனக்கு அந்த மா அடி ஞாபகம் இல்லை. அப்பா விடியற்காலையில் வந்து என் தலையைத் தடவுவார், கை வாசம் ஞாபகம் இருக்கிறது, அடி ஞாபகம் இல்லை. நான் எழும்ப முதல் துடைத்துவிடுவாராக்கும்.

இராவணன்வெட்டு அண்ணா, உங்கள் கேள்வியையும் அம்மாவிடம் போட்டேன். கேட்காமல் அப்படித் தலைக்குள் இறக்கினது சரியா பிழையா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "பிழைதான்" என்றார். "ஆனா அந்த மனுசனைக் கேட்டுப் பார், திருப்பித் தருவாரா எண்டு."

நாளைக்கு தி ஒஃப்ஸ்பிரிங். வாப்பா நானா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பிள்ளைக்கு டெங்கு என்றதும் "இப்ப சுகமாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஏ லெவல் செய்கிறாளாம் என்றேன். எந்தப் பிரிவு என்று கேட்கச் சொன்னார்.

கிண்ணியா_வாப்பா

பயோ. உம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கும்போது அட்மிரல் வெளியே வரும் காட்சியில் மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுப் பாருங்கள், அந்த ஆளின் முகமே போதும்.

மட்டிக்களி_மச்சான்

அம்மா லப்டொப்பைச் சாத்தின எபிசோடை நான்தான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே மச்சான். உப்புவெளிப் பக்கம் நான் அடிக்கடி வருகிறவன்.